எண்ணப்பட்டோரும் ஊரவரும்: நெடுந்தீவை முன்வைத்துத் தீவக மக்கள்தொகை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே அமைந்துள்ள தீவுக்கூட்டம் தீவகம் எனப்படும். அதன் கடைக்கோடியில் உள்ள நெடுந்தீவு போன்ற சிற்றூர்ச் சமூகத்தின் மக்கள்தொகையைக் குடிசன மதிப்பீட்டு எண்ணைக் கொண்டு மட்டும் அறிய இயலுமா என்பது இக்கட்டுரையின் வினா. 1981க்கும் 2012க்கும் இடைப்பட்ட 31 ஆண்டுகள் அங்கு முழுமையான கணக்கெடுப்பு நிகழவில்லை; தீவகம் பெருமாற்றத்துக்கு உள்ளானதும் அந்த ஆண்டுகளிலேயே. தமிழ் வழக்கில் ‘ஊரவர்’ என்னும் சொல் வாழிடத்தை மட்டுமன்றி உரிமையையும் உறவையும் சுட்டுகிறது. எனவே வாழ்வோர், உரியோர் ஆகிய இரு நிரல்களையும் தனித்தனியே தொகுத்து, அவற்றிடையே உள்ள இடைவெளியையே ஆய்வுப் பொருளாகக் கொள்ள வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

குறிச்சொற்கள்: நெடுந்தீவு, தீவகம், குடிசன மதிப்பீடு, ஊரவர், தேசவழமை, இடம்பெயர்வு, புலம்பெயர்வு

முன்னுரை

தமிழியல் ஆய்வில் ஊர் பற்றிய ஆய்வுகளுக்கு நீண்ட மரபு உண்டு. ஊர்ப்பெயர், கோயில், குடிவழக்கு, வட்டார வழக்கு ஆகியவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின் ஊரில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்னும் எளிய வினா பெரும்பாலும் அரசு அட்டவணைக்கு விடப்பட்டுவிடுகிறது. ஊரின் பரப்பையும் தொகையையும் முதற்பத்தியில் தந்துவிட்டு மேற்செல்வதே பொதுவழக்கு. பெரிய ஊர்களைப் பொறுத்தவரை இதனால் பெரும் பிழை நேர்வதில்லை. ஒரு சிறு தீவைப் பொறுத்தவரையோ அந்த முதற்பத்தியின் எண்ணே ஆய்வுக்குரியதாகிறது.

தீவகத்துள் நெடுந்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய லைடன் தீவு, மண்டைதீவு, காரைநகர் ஆகியவை அடங்கும். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இவற்றுக்குச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், அனலைதீவு ரொட்டர்டாம் எனவும், நெடுந்தீவு டெல்ஃப்ட் எனவும் வழங்கின. இவற்றுள் டெல்ஃப்ட் என்னும் பெயர் இன்றும் ஆங்கில ஆவணங்களில் நிலைத்துள்ளது. பிற தீவுகளிலும் இதே சிக்கல் உண்டாயினும், நெடுந்தீவு தனிப் பிரதேச செயலகமாகவும் தனிப் பிரதேச சபையாகவும் இருப்பதால் அதன் எண்கள் பிற ஊர்களின் எண்களோடு கலப்பதில்லை. ஆதலின் அது இங்கு மையமாகக் கொள்ளப்படுகிறது.

நெடுந்தீவின் எண்

நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். அது 6 கிராம அலுவலர் பிரிவுகளைக் கொண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ நாலாயிரம் பேர். எனவே சதுர கிலோமீட்டருக்கு 80 பேர் என்னும் அளவிலேயே அடர்த்தி அமைகிறது. அதே ஆண்டில் இலங்கை முழுமைக்குமான அடர்த்தி 325க்கு அண்மித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் அடர்த்தியோ 600ஐக் கடந்தது. சென்னை வாசகருக்கு ஓர் ஒப்பீடு உதவக்கூடும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பழைய சென்னை மாநகராட்சி எல்லையில் சதுர கிலோமீட்டருக்கு 26,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அந்த அடர்த்தியில் நாலாயிரம் பேருக்கு 0.15 சதுர கிலோமீட்டரே போதும். மந்தைவெளியின் சில தெருக்களுக்குள் நெடுந்தீவு முழுவதும் அடங்கிவிடும்.

இத்தகைய சிறுதொகையில் விழுக்காடுகளும் வீதங்களும் எளிதில் நிலை தடுமாறும். ஓர் எடுகோளாக, நாலாயிரம் பேர் வாழும் ஊரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 15 பிறப்புகள் எனக் கொள்வோம். எதிர்பார்க்கத்தக்க பிறப்புகள் 60 ஆகும். சமூகத்தில் எம்மாற்றமும் நிகழாமலே, தற்செயல் ஏற்ற இறக்கத்தால் மட்டும் இத்தொகை ஓராண்டில் 45ஆகவும் மற்றோராண்டில் 75ஆகவும் அமையலாம். அப்போது பிறப்பு வீதம் 11இலிருந்து 19 வரை ஊசலாடும். ஓராண்டின் எண்ணைக் கொண்டு ‘கருவளம் குறைந்தது’ என்றோ ‘ஊர் மீண்டெழுகிறது’ என்றோ கூறுவது அடிப்படையற்ற முடிவாகிவிடும்.

பதிவு முறையும் இதனைச் சிக்கலாக்குகிறது. இலங்கையில் பிறப்பு, அது நிகழ்ந்த இடத்துக்குரிய பதிவாளரிடமே பதியப்படுகிறது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் வரை சாலைப் பயணம் தொடரும். பேறுகாலத்தில் தாய்மார் நகருக்கு முன்கூட்டியே சென்று தங்கினால், தீவின் குழந்தை நகரின் பதிவேட்டில் பிறக்கிறது. மருத்துவத்துக்காகக் கரை சேர்ந்து அங்கேயே இறக்கும் முதியவரின் இறப்பும் அவ்வாறே. எனவே தீவின் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் தீவின் பிறப்பு இறப்புகளை முழுமையாகக் காட்டுவதில்லை.

எண்ணப்படாத 31 ஆண்டுகள்

இலங்கையில் முதல் முழுமையான குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. அதன்பின் பெரும்பாலும் பத்தாண்டு இடைவெளியில் அது தொடர்ந்தது. 1981 மார்ச்சு 17இல் நடைபெற்றதே போருக்கு முன் நாடு முழுவதையும் தழுவிய இறுதிக் கணக்கெடுப்பு. 1991இல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே அது முழுமையுற்றது. யாழ்ப்பாண மாவட்டம் அவற்றுள் அடங்கவில்லை. அடுத்த முழுமையான கணக்கெடுப்பு 2012 மார்ச்சு 20இல் நிகழ்ந்தது. எனவே நெடுந்தீவைப் பொறுத்தவரை அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

அவ்விடைவெளியின் அளவை மாவட்ட நிலையில் ஓரளவு மதிப்பிடலாம். இலங்கையின் மக்கள்தொகை 1981இல் 1 கோடியே 48 இலட்சம். 2012இல் 2 கோடியே 3 இலட்சம். அதாவது ஏறத்தாழ 37 விழுக்காடு வளர்ச்சி. இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981இல் 7.3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நாட்டின் வளர்ச்சி வீதமே இங்கும் நிலவியிருந்தால் 2012இல் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இருந்திருக்க வேண்டும். இருந்தோர் 5.8 இலட்சம் பேர் மட்டுமே. குறைபாடு 4 இலட்சத்துக்கு மேல். இதனை இறப்பு எண்ணாகக் கொள்வது தவறு. போர் இறப்பு, நாட்டுக்குள் இடம்பெயர்வு, வெளிநாடு செல்லல், பிரிந்து வாழ்ந்தோரின் குடும்பங்களில் பிறவாது போன குழந்தைகள், போரின்றியும் நிகழ்ந்திருக்கக்கூடிய வெளியேற்றம் ஆகிய அனைத்தும் இந்த ஓர் எண்ணுக்குள் உறைகின்றன. அவற்றைப் பிரித்தறிவதற்கான சான்று அட்டவணையில் இல்லை.

தீவகத்தில் 1990 ஆகஸ்டில் தொடங்கி 1991 வரை நீண்ட படை நடவடிக்கைகளால் பல ஊர்கள் வெறிச்சோடின. அதற்கு முன்பே கடற்பயணம் அச்சத்துக்குரியதாகியிருந்தது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டனர். குறைந்தது 23 பேர் என ஒரு கணக்கும், 36 பேர் எனப் பிறிதொரு கணக்கும் உண்டு. மக்கள்தொகை நோக்கில் இதன் பொருளை எண்ணிப் பார்க்கலாம். ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் ஆயிரத்துக்கு 6 என்னும் இறப்பு வீதம் நிலவினால் ஓராண்டில் இயல்பாக நிகழும் இறப்புகள் 30. ஓராண்டின் இறப்புக்கு நிகரானது ஒரு காலைப்பொழுதில் நேர்ந்தது. நாட்டின் பட்டியலில் இது தசமப் புள்ளிக்குப் பின்னும் தெரியாது. ஊரிலோ ஒவ்வொரு உறவுக்கும் அது எட்டியிருக்கும். எஞ்சியோர் கடல் வழியைப் பயன்படுத்தத் தயங்கினால் பள்ளி, மருத்துவம், சந்தை அனைத்தும் தடைப்படும்; இறப்பால் குறைந்ததைவிட அச்சத்தால் வெளியேறுவோரே மிகுதியாவர்.

போருக்கு முந்தைய வெளியேற்றம்

தீவகத்தின் குறைவை முழுவதும் போருக்கு உரியதாக்குவதும் பொருந்தாது. போர் தொடங்குவதற்கு முன்பே தீவகத்தவர் வெளியே சென்று வாழும் வழக்கம் வேரூன்றியிருந்தது. புங்குடுதீவு வணிகர்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைகள் நடத்தினர். நன்னீரும் நெல்வயலும் அரிதான சுண்ணக்கல் நிலத்திலிருந்து பலர் கிளிநொச்சிப் பகுதியின் குடியேற்றத் திட்டங்களை நாடினர். அரசுப் பணி பெற்றோர் நாடெங்கும் பரவினர். எனினும் அன்றைய வெளியேற்றத்துக்கு ஒரு தனி இயல்பு இருந்தது. உழைக்கும் ஆண் வெளியே இருப்பார். மனைவியும் பெற்றோரும் ஊரில் இருப்பர். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அவர் மீள்வார். வெளியே ஈட்டிய பொருள் ஊரில் வீடாகவும் பள்ளிக் கட்டடமாகவும் மாறியது. 1983க்குப் பின் குடும்பங்களே வெளியேறின. கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்பது பெற்றோரின் நினைவாயிற்று. முன்னது ஊரைத் தாங்கிய வெளியேற்றம். பின்னது ஊரைப் பெயர்த்த வெளியேற்றம். இரண்டையும் ‘வெளிச்சென்றோர்’ என ஒரே கட்டத்துக்குள் அடக்கும் அட்டவணை இவ்வேறுபாட்டை இழந்துவிடுகிறது.

தீவுகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைக்கப்பட்டவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குப் படகே வழி. பாலம் உள்ள ஊரிலிருந்து ஒருவர் நகருக்குச் சென்று அன்றே திரும்பலாம். படகை நம்பிய ஊரில் வேலையோ உயர்கல்வியோ தேடுவது என்பதே பெரும்பாலும் குடிபெயர்வதாகிறது.

சொற்களே வகைப்பாடு

அட்டவணை இழந்த வேறுபாட்டை மொழி காத்துள்ளது. ஈழத் தமிழில் நாட்டுக்குள் நகர்ந்தோர் ‘இடம்பெயர்ந்தோர்’ எனவும், வெளிநாடு சென்றோர் ‘புலம்பெயர்ந்தோர்’ எனவும், திரும்பியோர் ‘மீள்குடியேறியோர்’ எனவும் வேறுபடுத்தப்படுகின்றனர். இவை வெறும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. கடந்த தொலைவு, கடந்த எல்லை, மீள்வதற்கான வாய்ப்பு ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு மக்களே உருவாக்கிக்கொண்ட மக்கள்தொகை வகைப்பாடு இது. பட்டினப்பாலையில் பிற நிலங்களிலிருந்து வந்து காவிரிப்பூம்பட்டினத்தில் உறைந்தோரைக் குறிக்கப் ‘புலம்பெயர்’ என்னும் தொடர் ஆளப்படுவதைத் தமிழறிஞர் அறிவர். அங்கு வந்து சேர்ந்தோரைச் சுட்டிய சொல், இன்று விட்டுச் சென்றோரைச் சுட்டுகிறது. பார்வை வந்துசேர்ந்த பட்டினத்திலிருந்து விட்டுவந்த ஊருக்கு இடம் மாறியுள்ளது.

‘ஊரவர்’ என்னும் சொல் இவ்வகைப்பாட்டின் அடித்தளம். தனிநாயகம் அடிகளாரின் பிறப்பை எடுத்துக்கொள்வோம். அவர் 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் பிறந்தார். தாயாரின் ஊர் கரம்பொன். தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். வாழ்ந்ததும் பணியாற்றியதும் பல நாடுகளில். குடிசன மதிப்பீட்டு வினாத்தாளில் அவரை நெடுந்தீவுக்கு உரியவராக எழுத இடமில்லை. நெடுந்தீவாரோ அவரைத் தம்மவர் என்றே உரிமை பாராட்டுகின்றனர். பிறந்த இடம், வாழும் இடம், உரிய இடம் ஆகிய மூன்றும் வேறாக இருத்தல் தீவகத்தில் விதிவிலக்கன்று, இயல்பு.

சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்றுள்ளது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணக் குடிகளுக்குரிய சட்டமாக இன்றும் வழக்கில் உள்ளது. ஒருவர் தொழில் நிமித்தம் கொழும்பில் வாழ்ந்தாலும், அவரது நிலையான குடியிருப்பு வடக்கில் உள்ளதா என்பதை நீதிமன்றங்கள் ஆராய்ந்தே அவருக்கு அச்சட்டம் பொருந்துமா எனத் தீர்மானித்துள்ளன. உடலின் இருப்பன்று, குடியின் இருப்பே அங்கு அளவுகோல். சீதனமாக மகளுக்குச் செல்லும் காணியும், உடன் உரிமையாளருக்குள்ள முன்கொள்முதல் உரிமையும் ஊரை விட்டவர்களையும் ஊரோடு பிணைத்து வைக்கின்றன. இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதில் குறிப்பிடத்தக்கது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் தம் காணிக்குச் செல்ல இயலாதவர்களுக்கு எதிராக ஆட்சியுரிமைக் காலம் கணிக்கப்படலாகாது என்பது அதன் சாரம். குடிசன மதிப்பீட்டால் எண்ண இயலாத ஆண்டுகளைச் சட்டம் எண்ணாது ஒதுக்கியது.

இரு நிரல்கள் மோதும் இடம்

வாழ்வோர் நிரலும் உரியோர் நிரலும் கலந்துவிட்டால் நேரும் விளைவுக்குத் தேர்தல் பதிவேடு சிறந்த சான்று. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிருவாக மாவட்டங்களை உள்ளடக்கியது. 2010 பொதுத்தேர்தலில் அங்குப் பதிவான வாக்காளர் 7.2 இலட்சம். ஈராண்டு கழித்து எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டில் குழந்தைகள் உட்பட இவ்விரு மாவட்டங்களின் மொத்த மக்கள்தொகையே 7 இலட்சத்தை எட்டவில்லை. வாழும் மக்களைவிட வாக்காளர் மிகுந்திருந்தனர். சென்றவர்களின் பெயர்கள் பதிவேட்டில் நின்றதே காரணம். 2015 தேர்தலுக்குள் பதிவேடு திருத்தப்பட்டு வாக்காளர் தொகை 5.3 இலட்சமாயிற்று. வாக்காளர் எண்ணிக்கையின் அடிப்படையில் பங்கிடப்படும் நாடாளுமன்ற இடங்கள் 2010இல் 9 ஆக இருந்து, 2015இல் 7 ஆகவும், 2024இல் 6 ஆகவும் குறைந்தன.

பதிவேட்டைத் திருத்தியது முறையானதே. ஆயினும் எண்ணின் விளைவு எண்ணோடு முடிவதில்லை. மாணவர் குறைந்தால் ஆசிரியர் குறைவர். நோயாளர் குறைந்தால் மருத்துவர் தங்கமாட்டார். பயணிகள் குறைந்தால் படகுச் சேவை சுருங்கும். சேவை சுருங்கினால் எஞ்சிய இளங்குடும்பங்களும் கரையேறும். அடுத்த கணக்கெடுப்பு மேலும் சிறிய எண்ணைத் தரும். சிறு தீவுக்கு எண் விளைவு மட்டுமன்று, காரணமுமாகிறது.

உலகின் பிற தீவுகளும் இதனை உணர்த்துகின்றன. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பெரிய பிளாஸ்கெட் தீவில் எஞ்சிய 22 பேர் 1953இல் வெளியேற்றப்பட்டனர்; இன்று அவ்வூரை அறிய அதன் மக்கள் ஐரிசு மொழியில் படைத்த தன்வரலாறுகளே முதன்மைச் சான்று. தென் அத்திலாந்திக்கின் டிரிஸ்டன் ட குன்யா தீவினர் எரிமலைச் சீற்றத்தால் 1961இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1963இல் தம் விருப்பப்படி மீண்டனர். அவர்கள் ஒரே இடத்தில் ஒரே குழுவாக ஈராண்டு மட்டுமே வெளியே இருந்தனர். தீவகத்தார் பல நாடுகளில் சிதறிப் பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. மீளும் வாய்ப்பை விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பிரிவின் காலமும் சிதறலின் அளவும் தீர்மானிக்கின்றன.

தமிழியல் தரும் சான்றுகள்

எண்ணப்படாத ஆண்டுகளை ஆராயத் தமிழியலாளரிடம் உள்ள சான்றுகள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஒல்லாந்தர் காலத் தோம்புகள் குடும்பத்தையும் காணியையும் பதிந்த பழம் ஆவணங்கள். தேவாலய ஞானத்தானப் பதிவேடு, பள்ளிச் சேர்வுப் பதிவேடு, கோயில் திருவிழா உபயகாரர் பட்டியல், நினைவு மலர், ஊர்ச்சங்க ஆண்டு மலர் ஆகியவை பின்வந்தவை. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகம் ஈழத்து மலர்களையும் சிற்றிதழ்களையும் எண்மப்படுத்தி வருவதால் இவற்றுள் பலவற்றை இன்று எளிதில் அணுகலாம். ஒரு பள்ளியின் முதல் வகுப்புச் சேர்க்கையை ஆண்டுதோறும் நிரல்படுத்தினாலே, ஐந்தாண்டுக்கு முன் அவ்வூரில் இளங்குடும்பங்கள் எந்த அளவுக்கு இருந்தன என்பதை ஓரளவு உய்த்துணரலாம்.

இலக்கியமும் சான்றே. புங்குடுதீவைச் சேர்ந்த சு.வில்வரத்தினத்தின் ‘காற்றுவழிக் கிராமம்’ என்னும் கவிதைத் தொகுதி 1995இல் வெளிவந்தது. ஆளற்றுப்போன ஊரைப் பொருளாகக் கொண்ட அந்நூல், அக்காலத்துக்குக் கணக்கெடுப்பு எதுவுமில்லாத நிலையில் தனிமதிப்புப் பெறுகிறது. கவிதை எண்ணைத் தராது; எவை எஞ்சின, எவை கைவிடப்பட்டன, எஞ்சியோர் யார் என்பதைத் தரும். கணக்கெடுப்பு வினாத்தாளில் இவற்றுக்குக் கட்டமில்லை.

இச்சான்றுகளிலும் சார்பு உண்டு என்பதை மறத்தலாகாது. ‘ஊர்’ எல்லாரையும் ஒப்ப எண்ணியதில்லை. 1971இல் புங்குடுதீவில் நன்னீர்க் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினர், எழுத்தாளர் மு.தளையசிங்கம் அவர்களுக்குத் துணைநின்று தாக்குதலுக்கும் கைதுக்கும் உள்ளானார். கிணற்றிலேயே உரிமை மறுக்கப்பட்டவர்கள் உபயகாரர் பட்டியலில் எங்ஙனம் இடம்பெறுவர்? புலம்பெயரப் பொருள்வசதி தேவைப்பட்டமையால், ஊரில் எஞ்சியோருள் வறியோரின் விகிதம் உயர்ந்திருக்க வாய்ப்புண்டு. எனவே உரியோர் நிரல் வசதி பெற்றோரை மிகுத்துக் காட்டும். வாழ்வோர் நிரல் அவ்வாறு செய்யாது. அரசு அட்டவணையின் பெருமதிப்பு இங்குதான் வெளிப்படுகிறது. அது குடியின் பெருமையைக் கேட்பதில்லை, ஆளை எண்ணுகிறது.

முடிவுரை

நெடுந்தீவின் மக்கள்தொகை எவ்வளவு என்னும் வினாவுக்கு ஓர் எண் விடையாகாது. வாழ்வோர் நிரல், படகும் பள்ளியும் மருத்துவமும் எவருக்குத் தேவை என்பதைச் சொல்லும். உரியோர் நிரல், காணியும் நினைவும் எவரிடம் உள்ளன என்பதைச் சொல்லும். முன்னதை மட்டும் கொண்டால் ஊர் சுருங்கிய வரலாறு மறையும். பின்னதை மட்டும் கொண்டால், தொலைவில் இருப்போரின் ஊர்ப்பற்றில் இன்று தீவில் வாழும் நாலாயிரம் பேரின் தேவை மறையும்.

2024 டிசம்பரைக் கணக்கெடுப்பு நாளாகக் கொண்டு இலங்கையில் அடுத்த குடிசன மதிப்பீடு நிகழ்ந்துள்ளது. 1981, 2012, 2024 ஆகிய மூன்று எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு இப்போது கிட்டுகிறது. ஒப்பீட்டைப் புள்ளியியலார் செய்வர். முதல் இரண்டு எண்களுக்கும் இடையே நிகழ்ந்ததைப் பதிவேட்டிலிருந்தும் மலரிலிருந்தும் முதியோர் வாய்மொழியிலிருந்தும் தொகுப்பது தமிழியலாளர் கடன். 1981இல் இருபது வயதில் நெடுந்தீவில் எண்ணப்பட்டவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். யார் எவ்வீட்டில் இருந்தார், எப்போது சென்றார் எனத் தெருத்தெருவாகச் சொல்லக்கூடிய தலைமுறை அதுவே. தீவிலும் டொரொண்டோவிலும் கிளிநொச்சியிலும் தமிழக முகாம்களிலும் அத்தலைமுறையினர் வாழும்போதே அத்தொகுப்பு தொடங்கப்பெற வேண்டும்.